காயம்பட்ட சேவலைக் காப்பாற்றுவது எப்படி? – கால்நடைக் கேள்வி பதில்

முற்றத்தில் வளரும் சேவலுக்குக் காயம் பட்டால் என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன். கறவை மாட்டுக்கு ஒன்று என்றால் இரவோடு இரவாக மருத்துவரைத் தேடும் நாம், சேவலுக்கு என்றால் குழம்பைப் பற்றியே முதலில் யோசிக்கிறோம். அப்படி யோசிக்காமல் எழுதிக் கேட்ட வாசகர்களுக்கு என் நன்றி.

கேள்வி: மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு சிறுவிடைக் கோழிகளும் இரண்டு சேவல்களும் உள்ளன. சென்ற மாதம் ஒரு நாள் மாலையில் தெருநாய் ஒன்று பெரிய சேவலின் முதுகைக் கவ்வி இழுத்துவிட்டது. நாயை விரட்டிச் சேவலை மீட்டபோது உள்ளங்கை அளவுக்குத் தோல் கிழிந்து சதை தெரிந்தது. இடது இறக்கை தொங்கியது. உடனே மஞ்சளையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்து அப்பினோம். மயங்கிக் கிடந்ததால் பாலாடையால் வாயில் தண்ணீர் புகட்டினோம். சேவல் பிழைத்துக்கொண்டது, இரையும் எடுக்கிறது. ஆனால் புண் இன்னும் முழுதாக மூடவில்லை. முன்போல் கூவுவதும் இல்லை. வெளியே விட்டால் இளைய சேவல் துரத்தித் துரத்திக் கொத்துகிறது. அறுத்துவிடுங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். என் மகன் குஞ்சிலிருந்து வளர்த்த சேவல் என்பதால் மனம் வரவில்லை. நாங்கள் செய்தது சரிதானா, இனி என்ன செய்ய வேண்டும்?
– வாசகி ஒருவர், மணப்பாறை

பதில்: அம்மா, அந்தச் சேவலை அறுக்க வேண்டிய தேவையே இல்லை. நாய் கடித்து ஒரு மாதம் கழிந்த பிறகும் இரை எடுத்துக்கொண்டு நடமாடுகிற சேவல், பெரும்பாலும் ஆபத்தைக் கடந்துவிட்ட சேவல்தான். ஆனாலும் உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன். காயம்பட்ட கோழிகளில் பல, காயத்தால் மட்டும் இறப்பதில்லை; காயத்தை அடுத்த சில மணி நேரத்தில் உண்டாகும் அதிர்ச்சியாலும், நல்லெண்ணத்தோடு நாம் செய்கிற சில காரியங்களாலும் இறந்துபோகின்றன. அதே நாய் மறுபடியும் உங்கள் தெருவுக்கு வரக்கூடும் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கோழி தன் தளர்ச்சியை எளிதில் வெளியே காட்டாது. தளர்ந்து நின்றால் பருந்துக்கும் கீரிக்கும் மட்டுமல்ல, சொந்தக் கூட்டத்துக்கும் அது இலக்காகிவிடும் என்பதால், உடம்பில் தெம்பு இருக்கும் வரை நிமிர்ந்தே நிற்கும். ஆகவே ஒரு சேவல் கண்ணை மூடி, இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளிழுத்து ஒரு மூலையில் ஒடுங்கிவிட்டது என்றால், மறைத்துக்கொள்ளும் தெம்பையும் அது இழந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது புண்ணை அல்ல, கொண்டையை. கொண்டை சிவப்பாகவே இருந்தால் சற்று ஆறுதல் கொள்ளலாம். வெளிறிப்போயிருந்தால் இரத்தம் அதிகம் போயிருக்கிறது என்றும், நீலம் பாரித்திருந்தால் மூச்சிலோ இரத்த ஓட்டத்திலோ கோளாறு இருக்கிறது என்றும் பொருள். இரண்டு கிலோ எடையுள்ள சேவலின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஏறக்குறைய 140 மில்லிலிட்டர்தான். ஆகவே இரத்தம் வழிந்துகொண்டிருந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன், சுத்தமான துணியை மடித்துப் புண்ணின் மேல் வைத்து, ஐந்து நிமிடமாவது எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பிடிக்கும் முறையிலும் கவனம் தேவை. மனிதருக்கு உள்ளதுபோல் மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே மூச்சை இயக்கும் உதரவிதானம் கோழிக்கு இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் அதனால் மூச்சு வாங்க முடிகிறது. துடிக்கிறதே என்று பயந்து நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால், காயத்தில் தப்பிய சேவல் நம் கையிலேயே மூச்சடைத்து இறந்துவிடும். ஒரு பழைய துண்டைத் தலைக்கு மேல் போட்டு, இறக்கைகள் இரண்டும் உடம்போடு சேரும்படி தளர்வாகச் சுற்றித் தூக்குங்கள். கண் மறைந்ததும் அது அடங்கிவிடும்.

அடுத்து வேண்டியது இருட்டும் வெதுவெதுப்பும் அமைதியும். கோழியின் இயல்பான உடல்வெப்பம் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதிர்ச்சியுற்ற பறவையால் அந்த வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது. கோழியை அடைக்கும் கூடையான பஞ்சாரத்துக்குள் பழைய சாக்கை விரித்து, மேலே துணி போட்டு மூடி, ஆள் புழக்கம் இல்லாத அறையில் வையுங்கள். மார்கழிக் குளிராக இருந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் 60 வாட் குண்டு பல்பு எரியட்டும். வெப்பம் அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள அதற்கு இடம் வேண்டும். சித்திரை வெயிலில் பல்பே தேவையில்லை. அலகைத் திறந்துகொண்டு மூச்சிரைத்தால் வெப்பம் மிகுந்துவிட்டது என்று அறியலாம். முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகள் வந்து வந்து திறந்து பார்க்காமல் இருப்பதே பெரிய மருந்து.

பாலாடையால் தண்ணீர் புகட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இனி ஒருபோதும் செய்யாதீர்கள். கோழியின் வாயைத் திறந்து பார்த்தால், நாக்கின் அடிப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு கீறல் போன்ற துளை திறந்து மூடுவதைக் காணலாம். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். மயங்கிய பறவையின் வாயில் ஊற்றும் தண்ணீர் அதன் வழியாக நேரே நுரையீரலுக்குள் போய்விடும். உங்கள் சேவல் தப்பியது அதன் நல்ல காலம். தானாகத் தலையைத் தூக்கி விழித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு, விரலைத் தண்ணீரில் நனைத்து அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால், அதுவே உறிஞ்சி விழுங்கும். விழுங்குகிறது என்று தெரிந்த பின் கிண்ணத்தை அருகில் வைக்கலாம். முதல் நாள் அந்தத் தண்ணீரில், மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியைக் கலந்து வைப்பது நல்லது. இரை அதற்குப் பிறகுதான்.

இனி புண்ணுக்கு வருவோம். மஞ்சள் கெட்டதன்று, மேலோட்டமான சிராய்ப்புக்கு அது போதும். ஆனால் நாய்க்கடி மேலோட்டமானதன்று. கோரைப்பல் இறங்கிய துளை வெளியே மிளகளவு தெரியும். உள்ளே சதை நசுங்கிக் கிடக்கும். கழுவாமல் அதன் மேல் மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்து அப்பினால், நாயின் எச்சிலும் மண்ணும் இறகுத் துணுக்கும் உள்ளேயே அடைபட்டு, மேலே பொருக்கு கட்டி, அடியில் சீழ் பிடிக்கும். அடுப்புச் சாம்பல், காப்பித்தூள், சுண்ணாம்பு ஆகியவற்றுக்கும் இதே குறை உண்டு. செய்ய வேண்டியது வேறு. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 கிராம், அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, புண்ணிலிருந்து வெளிவரும் தண்ணீர் தெளிவாகும் வரை பீய்ச்சிக் கழுவ வேண்டும். புண்ணைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரிக்கோலால் வெட்டலாம். பிடுங்கக் கூடாது, ஏனெனில் கோழியின் தோல் மிக மெல்லியது, இறகோடு சேர்ந்து கிழிந்து வந்துவிடும். பிறகு பொவிடோன் அயோடின் கரைசலை வெளிறிய தேநீரின் நிறம் வரும் அளவுக்குத் தண்ணீரில் கலந்து தடவினால் போதும்.

இவ்வளவும் முதலுதவிதான். நாயோ பூனையோ பல் பதித்த கோழியை அன்றோ மறுநாளோ கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பூனையின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்னும் பாக்டீரியா ஓரிரு நாட்களில் பறவையின் இரத்தம் முழுவதும் பரவிவிடக்கூடியது. வெளியே சிறு கீறல்தானே என்று விட்டுவிட்டவர்கள் மூன்றாம் நாள் காலையில் கோழி கூட்டில் செத்துக் கிடப்பதைப் பார்த்து வருந்துகிறார்கள். அரசுக் கால்நடை மருந்தகம் தொலைவில் இருந்தால் 1962 என்ற எண்ணை அழைத்து நடமாடும் மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். கோழிக்கெல்லாம் வருவார்களா என்று தயங்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை. கடிபட்ட மறுநாள் தோலுக்கடியில் பலூன்போல் வீங்கி, தொட்டால் நறநறவென்று இருந்தால், உள்ளே நுரையீரலோடு இணைந்த காற்றுப்பை கிழிந்து காற்று கசிகிறது என்று அறிந்து மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ள முயலாமல், உப்புநீரில் நனைத்த துணியால் மூடி உடனே கொண்டுபோக வேண்டும். முதுகெலும்பு முறிந்து இரண்டு கால்களும் உணர்வற்றுப்போன பறவையை மட்டும், மேலும் துன்பப்பட விடாமல், மருத்துவரைக் கொண்டு வலியின்றி முடித்துவிடுவதே கருணை.

உங்கள் சேவலின் இறக்கை இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. தோளை ஒட்டியுள்ள எலும்பு உள்ளீடற்றது, காற்றுப்பையோடு தொடர்புடையது. அந்த எலும்பு முறிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் தண்ணீர் விட்டுக் கழுவினால் அந்தத் தண்ணீர் மூச்சுப்பாதைக்கே போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். மூடிய முறிவாக இருந்தால், இறக்கையை இயல்பாக மடித்து உடம்போடு சேர்த்துக் காகிதப் பிளாஸ்திரியால் மூன்று வாரம் வரை கட்டிவைக்கலாம். நெஞ்செலும்பின் அசைவைக் கட்டு தடுக்கக் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் கட்டிவைத்தால் மூட்டு இறுகிவிடும். ஒரு மாதம் கழித்தும் உங்கள் சேவலின் இறக்கை தாழ்ந்தே இருந்தால், அது அப்படியே நிலைத்துவிட்டது என்றே கொள்ளலாம். தாழ்ந்த இறக்கையோடு சேவல் ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழும். உயரமான கிளையில் ஏறி அடைய முடியாது என்பதால் இரவில் தாழ்வான கூண்டு மட்டும் வேண்டும்.

மூடாத புண்ணைப் பொறுத்தவரை, ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை வளர்ந்து நடுவை நோக்கி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நல்லது, கோழியின் தோல் உள்ளங்கை அளவு இடத்தையும் தானாகவே மூடிவிடும் ஆற்றல் உடையது. அதற்குத் தேவை புரதம். கம்பும் நொய்யும் மட்டும் போதாது. அவித்த முட்டை, ஊறவைத்து வேகவைத்த பயறு, கிடைத்தால் கரையான் ஆகியவற்றை நாள்தோறும் கொடுங்கள். நாற்றமோ, பச்சை நிறமோ, அசையாத கெட்டியான மஞ்சள் கட்டியோ தென்பட்டால் மருத்துவர் அதை அகற்ற வேண்டியிருக்கும். பிடுங்கப்பட்ட இறகுகள் சில வாரங்களில் முளைக்கத் தொடங்கும். பாதியில் ஒடிந்த இறகுகள் அடுத்த இறகுதிர்வுக்குப் பிறகே மாறும்.

கூவாததற்குத் தொண்டையில் காயம் இருக்குமோ என்று நீங்கள் அஞ்சலாம். மூச்சு விடும்போது கரகரப்பு இல்லையென்றால் அப்படி எதுவும் இராது. சேவல்களுக்குள் கூவுவதற்கும் வரிசை உண்டு. முதலிடத்துச் சேவல் முதலில் கூவ, மற்றவை தத்தம் படிநிலைப்படி அடுத்தடுத்துக் கூவுகின்றன என்பதை 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை அதற்கும் முன்பே, 1921இல், நார்வேயைச் சேர்ந்த ஷெல்டெரப்-எபே விளக்கினார். உங்கள் பெரிய சேவல் பஞ்சாரத்தில் கிடந்த நாட்களில் இளையது அந்த முதலிடத்தைப் பிடித்துவிட்டது. எனவே பெரியதை இப்போது வெளியே விட்டால் மீண்டும் காயம்தான். அதுவும் ஆறாத புண்ணில் சிவப்பைக் கண்டால் கோழிகள்கூட வந்து கொத்தும்.

புண் முழுதாக மூடும் வரை, மற்றவை அதைப் பார்க்கவும் அது மற்றவற்றைப் பார்க்கவும் முடிகிறபடி முற்றத்திலேயே பஞ்சாரத்தில் அடைத்து வையுங்கள். மூடிய பிறகு, முதலில் இரண்டு மூன்று கோழிகளை மட்டும் அதனோடு விடுங்கள். இளைய சேவலை சில நாட்களுக்கு வேறிடத்தில் அடைத்துவிட்டு, பெரியது முற்றம் முழுவதும் சுற்றிப் பழகிய பின் ஒருநாள் இரவில் இரண்டையும் ஒரே கூட்டில் சேர்த்துப் பாருங்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துக் கோழிகள் வரை இருப்பதே பொருத்தமான கணக்கு. ஆறு கோழிகளுக்கு இரண்டு சேவல்கள் என்றால் சண்டை ஓயாது. இளைய சேவலைத் தெரிந்தவர் யாருக்காவது கொடுத்துவிடுவதே உங்களுக்கு நான் தரும் ஆலோசனை. உங்கள் மகனின் சேவல் மறுபடியும் கூவும்.

கேள்வி: தெருநாய் கடித்துக் குதறிய சேவலை அன்றே அறுத்துச் சமைத்துவிட்டோம். இப்போது உறவினர் ஒருவர், வெறிநாயாக இருந்திருந்தால் சாப்பிட்டவர்களுக்கும் நோய் வருமே என்கிறார். மிகவும் பயமாக இருக்கிறது.
– வாசகர் ஒருவர், பண்ருட்டி

பதில்: வெறிநோய் பாலூட்டிகளின் நோய். கோழி அதைச் சுமந்து மனிதருக்குப் பரப்புவதில்லை. நன்றாக வேகவைத்த இறைச்சியில் அந்த வைரசு உயிரோடு இருப்பதும் இல்லை. சாப்பிட்டதைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள்.

நான் கேட்க விரும்புவது வேறு. நாயின் வாயிலிருந்து சேவலைப் பிடுங்கியவர் யார்? அவர் கையில் நாயின் பல்லோ நகமோ பட்டதா? நாயின் எச்சில் ஊறிய இறகைப் பறித்தவரின் விரலில் வெட்டுக்காயம் எதுவும் இருந்ததா? சேவலைக் காப்பாற்றும் பதற்றத்தில் தமக்குப் பட்ட கீறலை மறந்துவிடுபவர்கள் மிகப் பலர். கீறல் பட்டிருந்தால், நாட்கள் கடந்திருந்தாலும் பரவாயில்லை, இந்தப் பதிலைப் படித்தவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று நடந்ததைச் சொல்லித் தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். இரத்தம் வந்த காயமாக இருந்தால் உடனடிப் பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டியிருக்கலாம். இப்படி ஒன்று நேர்ந்த உடனேயே செய்ய வேண்டியது, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. வெறிநோய் வெளிப்பட்ட பிறகு அதற்கு வைத்தியம் இல்லை. வெளிப்படும் முன் தடுப்பூசி காப்பாற்றும். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள், ஏனெனில் சேவலுக்காக நாயிடம் முதலில் ஓடுவது அவர்கள்தாம்.

கேள்வி: சண்டையில் பட்ட புண்ணில் புழு வைத்துவிட்டது. மாட்டுக்குப் போடுவதுபோல் டர்பன்டைன் விடலாமா?
– வாசகர் ஒருவர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். கோழியின் தோல் மெல்லியது. மூச்சுப்பாதையோ ஆவிக்கு மிகவும் கூசுவது. மாட்டின் குளம்புப் புண்ணில் பயன்படும் டர்பன்டைனும் கற்பூர எண்ணெயும் இரண்டு கிலோ பறவைக்கு ஏற்றவையல்ல. வெதுவெதுப்பான உப்புநீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மேலே வரும் புழுக்களை முனை மழுங்கிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். கழுவிச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள், ஆழத்தில் இருந்தவை மூச்சுக்காக மேலே வந்திருக்கும். ஈ இட்ட முட்டை ஒரே நாளுக்குள் பொரிந்துவிடும் என்பதால் காலையும் மாலையும் பார்த்தே ஆக வேண்டும். வாலடியிலும் எச்சத் துவாரத்தைச் சுற்றியும் அரிசிக் குருணைபோல் வெண்மையாக ஒட்டியிருப்பவை ஈயின் முட்டைகள். இறகோடு வெட்டி எடுத்துவிடுங்கள். பஞ்சாரத்தைப் பழைய கொசுவலையால் மூடினால் பாதித் தொல்லை தீரும். புழு தசைக்குள் துளைத்துப் போயிருந்தால் மருத்துவர் தரும் மருந்து வேண்டும்.

சண்டையில் கால்முள் ஒடிந்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். முள்ளின் வெளிப்புறம் நகம் போன்ற உறை. உள்ளே இருப்பது எலும்பு. உறை மட்டும் கழன்று உள்ளே செந்நிறம் தெரிந்தால், மைதா மாவை அழுத்தி இரத்தத்தை நிறுத்தி, அயோடின் தடவி, மற்ற சேவலிடமிருந்து பிரித்து வையுங்கள். புது உறை தானே வளரும்.

கேள்வி: எங்கள் பெருவிடைச் சேவல் ஒரு காலைத் தூக்கித் தூக்கி நடக்கிறது. எங்கும் அடிபட்டதாகத் தெரியவில்லை. அடிப்பாதம் வீங்கி, நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கிறது. பிளேடால் கீறிச் சீழை எடுத்துவிடலாம் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.
– வாசகர் ஒருவர், தாராபுரம்

பதில்: அடிபட்டது உங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கும். கனத்த சேவல் உயரமான இடத்திலிருந்து கல்தரையில் குதிக்கும்போதும், கருவேல முள் குத்தும்போதும் பாதத்தின் தோலில் நுண்ணிய பிளவு விழுகிறது. அதன் வழியே ஸ்டபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா நுழைந்து, உள்ளே கட்டியாகிறது. நீங்கள் காணும் கறுப்புப் பொருக்கு அதன் வாசல்.

பிளேடால் கீறினால் சீழ் வழிந்து வரும் என்று உங்கள் நண்பர் எண்ணுகிறார். மனிதருக்கும் மாட்டுக்கும் அப்படி வரும், கோழிக்கு வராது. சீழை நீர்க்கச் செய்யும் நொதி பறவையின் வெள்ளணுக்களில் இல்லாததால், அது பாலாடைக்கட்டிபோல் இறுகித் தசைநார்களுக்கு இடையில் ஒட்டிக்கொள்கிறது. அதைத் தோண்டி எடுப்பது மரத்துப்போகும் ஊசி போட்டு மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் பிளேடு எடுத்தால் பறவைக்குப் பெருவலி, தசைநார் அறுந்துபோகும் ஆபத்து, உங்கள் கைக்குத் தொற்று ஆகியவைதான் மிஞ்சும். வீக்கம் சிறிதாக, சூடில்லாமல் இருந்தால், எப்சம் உப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் நாளுக்கு ஒருமுறை பத்து, பதினைந்து நிமிடம் பாதத்தை ஊறவைத்து, துடைத்து, அயோடின் தடவி, பஞ்சு வைத்துக் கட்டி, வைக்கோல் மெத்தையில் விடுங்கள். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றாலும், வீக்கம் கணுக்கால் நோக்கி ஏறினாலும் தாமதிக்க வேண்டாம். அடையும் கட்டையை இரண்டடிக்கு மேல் உயர்த்தாமல், விளிம்புகளை மழுக்கி, பாதம் முழுதாகப் பதியும் அகலத்தில் அமைத்துவிட்டால் மற்றொரு காலாவது தப்பும்.

இதைப் படிக்கும் வேறொருவர் வீட்டில், இரண்டு முதல் ஐந்து மாத வயதுடைய சேவல் பாதத்தில் வீக்கம் எதுவும் இல்லாமல் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்திருந்தால், அது காயமன்று. பெரும்பாலும் மாரெக்ஸ் என்னும் வைரசு நோய். கால் முறிந்ததாக எண்ணிக் கட்டுப் போட்டுத் துன்புறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வீட்டில் நாங்கள் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையைப் பொடித்துச் சேவலுக்குக் கொடுக்கலாமா? காயம் ஆற டெட்ராசைக்ளின் போன்ற மருந்தும் கடையில் கேட்டவுடன் தருகிறார்கள்.
– வாசகி ஒருவர், மேட்டுப்பாளையம்

பதில்: சேவலின் வலியை நினைத்துப் பார்த்ததற்காகவே உங்களைப் பாராட்டுகிறேன், கோழிக்கு வலி இல்லை என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் மனிதருக்கான மாத்திரை வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் சாதாரணமாகக் கிடக்கும் டைக்ளோபினாக் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியாவில் ஏறக்குறைய அழிந்துபோனதற்குக் காரணம், அந்த மருந்து செலுத்தப்பட்ட மாடுகளின் உடலை அவை தின்றதுதான். கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது 2006இல் தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோபெனும் அசிக்ளோபினாக்கும் 2023இல் தடை செய்யப்பட்டன. உங்கள் ஊருக்கு மேலே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளுக்கும் இந்தத் தடைகள் பாதுகாப்பு. பறவைகளுக்குப் பாதுகாப்பானதாக அறியப்பட்ட வலிமருந்து மெலாக்சிகாம். அதையும் எடைக்கேற்ற அளவில் மருத்துவர்தான் தர வேண்டும்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். மனிதர்களின் கடைசி நேரச் சிகிச்சைக்காகக் காத்துவைக்க வேண்டிய கொலிஸ்டினைக் கோழித்தீவனத்தில் கண்டபடி கலந்ததால்தான் 2019இல் அதைத் தடை செய்ய நேர்ந்தது. மருத்துவர் எழுதித் தந்த மருந்தைச் சொன்ன நாட்கள் முழுவதும் கொடுங்கள். சேவல் இரண்டாம் நாளே நிமிர்ந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். கடைசி வேளை மருந்து கொடுத்து எத்தனை நாள் கழித்து அதன் இறைச்சியையும் கூடவே மருந்துநீர் குடித்த கோழிகளின் முட்டையையும் உண்ணலாம் என்பதை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரத்தம் இழந்த சேவலுக்குச் சின்ன வெங்காயத்தை அள்ளி அள்ளிக் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் மிகுந்தால் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இரத்தம் குறைந்திருக்கும் நேரத்தில் அதைத் தவிர்த்து, முருங்கைக்கீரையை நறுக்கிப் போடுங்கள்.

கேள்வி: கால் முறிந்து கட்டுப் போட்டிருக்கும் சேவலுக்குக் கோழிக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி போடலாமா?
– வாசகர் ஒருவர், திருச்செந்தூர்

பதில்: இப்போது வேண்டாம். எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்குப் போடும் ஆர்2பி தடுப்பூசி, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரசால் ஆனது. அதற்கு எதிர்ப்பாற்றலை உண்டாக்கும் தெம்பு பறவையிடம் இருக்க வேண்டும். கோழியின் கால் எலும்பு மூன்று, நான்கு வாரங்களில் கூடிவிடும். கட்டைப் பிரித்து, சேவல் இழந்த எடையைத் திரும்பப் பெற்ற பிறகு போடுங்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் இருவார இலவச முகாம் அதற்குள் முடிந்துவிட்டால், மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்து, பக்கத்து வீட்டுக் கோழிகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். ஒரு குப்பி மருந்தைத் திறந்தால் பல கோழிகளுக்குப் போட்டுவிட வேண்டும், மீதியை வைத்திருக்க முடியாது. அதுவரை வெளியூர்ச் சந்தையில் வாங்கிய கோழி எதையும் அந்தச் சேவலின் அருகில் விடாதீர்கள்.